மருத்துவக் காப்பீடு: வணிகர்கள் அறிய வேண்டிய புதிய விதிகளும் நம்மைத் தேடி வரும் நோய்களும்



கடையில் உள்ள சரக்குக்குத் தீ விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறோம். சரக்கு ஏற்றிவரும் வண்டிக்கும் காப்பீடு இருக்கிறது. ஆனால் அதிகாலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தும் முதலாளியின் உடம்புக்கு என்ன காப்பு இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. காப்பீடு எடுத்தவர்களிலும் பாலிசியைப் பிரித்துப் படித்தவர்கள் சிலரே.

நமது கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவருக்குத் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நெஞ்சுவலி வந்தது. இரத்தக்குழாய் அடைப்பு நீக்கி உயிர் காப்பாற்றப்பட்டது. செலவு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அவரிடம் 3 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருந்தது; எடுத்து இரண்டாம் ஆண்டு. ஆனால் நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அவருக்கு ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பது மருத்துவமனைக் குறிப்பில் பதிவாகியிருந்தது. காப்பீட்டு விண்ணப்பத்தில் "இல்லை" என்று இருந்தது.

"என்ன அண்ணாச்சி, இப்படி எழுதிவிட்டீர்களே" என்று கேட்டேன்.

"நான் எங்கே தம்பி எழுதினேன்? ஏஜெண்டு கொண்டுவந்த பாரத்தில் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். கடையில் கூட்டமாக இருந்தது" என்றார்.

பண்டிகைக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் மருத்துவமனைக்குப் போயிற்று. மண்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி தள்ளிப்போனது. அந்தத் தீபாவளிக்கு அவர் கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தது. ஒரு கையெழுத்து செய்த வேலை இது. இன்னொரு வணிகருக்கு இது நேரக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விண்ணப்பம் என்பது வாக்குமூலம்

நம் நாட்டில் 'மெடிக்ளைம்' என்ற பெயரில் மருத்துவக் காப்பீடு 1986ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது நான்கு அரசுத் துறை நிறுவனங்கள் மட்டுமே இதை நடத்தின. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாருக்கும் கதவு திறக்கப்பட்டது. இன்று ஏராளமான நிறுவனங்கள் உள்ளன. இவை அனைத்தையும் ஹைதராபாத்தில் தலைமையகம் கொண்ட இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் கண்காணிக்கிறது.

எந்த நிறுவனமானாலும் அடிப்படை ஒன்றுதான். நாம் சொல்லும் விவரத்தை நம்பி அவர்கள் பிரீமியம் நிர்ணயிக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, முன்பு செய்த அறுவை சிகிச்சை, தினமும் சாப்பிடும் மாத்திரை, புகைப் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிரீமியம் சற்றுக் கூடலாம். அல்லது அந்த நோய்க்கு மட்டும் சில காலம் காத்திருக்கச் சொல்லலாம். மறைத்தால் பாலிசியே பயனற்றுப் போகக்கூடும். தராசில் எடை குறைந்தால் வாடிக்கையாளர் நம்மை விடுவாரா? அதே நியாயம்தான் இங்கும்.

ஆகவே விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்பினாலும், வீட்டில் படித்த பிள்ளைகளை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். பாலிசி கையில் வந்தபின் அதிலுள்ள விவரத்தையும் சரிபாருங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும்.

காத்திருப்புக் காலம்

பாலிசி எடுத்த மறுநாளே எல்லா நோய்க்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. பொதுவாக மூன்று வகைக் காத்திருப்பு உண்டு.

1. முதல் 30 நாட்கள்: விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது.

2. குறிப்பிட்ட சில நோய்கள்: பெரும்பாலான பாலிசிகளில் இவற்றுக்கு 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கண்புரை, கால் நரம்புச் சுருட்டல், முதுகுத் தண்டின் வட்டு விலகுதல் ஆகியவை இந்தப் பட்டியலில் இருக்கும். மூட்டு மாற்று அறுவைக்கு இன்னும் கூடுதல் காலம் கேட்பார்கள்.

3. ஏற்கெனவே உள்ள நோய்கள்: முன்பு 4 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் இது அதிகபட்சம் 3 ஆண்டுகள் எனக் குறைக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூட்டை தூக்குபவருக்கு வரும் குடலிறக்கம், நாள் முழுவதும் நிற்பவருக்கு வரும் நரம்புச் சுருட்டல், தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் கல், நேரம் தவறி உண்பவருக்கு வரும் மூலம் என்று மளிகைக்கடைக்காரருக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் அதில் உள்ளன. வலி வந்தபின் பாலிசி எடுக்க ஓடினால் பயன் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து, இடைவிடாமல் புதுப்பித்து வந்தால்தான் தேவைப்படும் நாளில் கைகொடுக்கும்.

புதுப்பிக்கும் தேதி தவறினால் ஆண்டுச் சந்தாவுக்கு 30 நாட்கள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால் கடந்த காத்திருப்பெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். தினசரி நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

இப்போதைய நிறுவனம் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். புது இடத்தில் ஒப்புக்கொண்டபின்தான் பழையதை விட வேண்டும்.

அறை வாடகையில் இருக்கும் கண்ணி

காப்பீட்டுத் தொகை 3 லட்சம் என்றால் 3 லட்சம் வரை முழுதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். பல பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் அல்லது 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், வாடகையோடு மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பாலிசி 3 லட்சம். அறை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நாம் 6,000 ரூபாய் அறையில் 4 நாட்கள் தங்குகிறோம் என்று கொள்வோம்.

அறை வாடகை 24,000 ரூபாயில் கிடைப்பது 12,000.
மருத்துவர், அறுவை அரங்கு முதலிய கட்டணம் 80,000 ரூபாயில் கிடைப்பது 40,000.
மருந்து, பரிசோதனை முதலியவை 46,000 ரூபாய். இவற்றில் இந்த வெட்டு கிடையாது. 46,000 முழுதாகக் கிடைக்கும்.

மொத்தச் செலவு 1,50,000 ரூபாய். கிடைப்பது 98,000 ரூபாய். கையிலிருந்து போவது 52,000 ரூபாய். 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் இந்த வெட்டே வந்திருக்காது. எனவே மருத்துவமனையில் சேரும்போது "எந்த அறை வேண்டும்" என்று கேட்டால், பாலிசியைப் பார்த்துப் பதில் சொல்ல வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள். அறை வரம்பே இல்லாத பாலிசிகளும் உண்டு. பிரீமியம் சற்று அதிகம்.

இதேபோல, ஒவ்வொரு செலவிலும் குறிப்பிட்ட பங்கை நாமே ஏற்கும் நிபந்தனையும் சில பாலிசிகளில் உண்டு. உதாரணமாக, எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் 5 சதவீதம் நம் பங்கு. அறை வாடகை 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். முதன்முதலாகக் காப்பீடு எடுக்கும் சிறு வணிகருக்கு, குழப்பமில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க இது ஏற்றது.

அண்மையில் வந்த மாற்றங்கள்

* 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாலிசி தரமாட்டோம் என்று பொதுவாகச் சொல்லிவந்த நிலை 2024 ஏப்ரல் முதல் மாறியது. எல்லா வயதினருக்கும் ஏற்ற திட்டங்கள் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி.

* 5 ஆண்டுகள் தொடர்ந்து புதுப்பித்துவிட்டால், அதன்பின் "நோயை மறைத்தீர்கள்" என்று கூறி நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்கு. முன்பு இது 8 ஆண்டுகளாக இருந்தது. இதை நம்பி மறைக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்; நெஞ்சுவலி 5 ஆண்டு பொறுத்து வராது.

* பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதிக்கு, கோரிக்கை கிடைத்த 1 மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனைக் கட்டணம் கூடினால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இது 2024 மே மாதச் சுற்றறிக்கை.

* 2025 ஜனவரியில் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதென்றால் முதலில் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

* 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரியுடன் 23,600 கட்டிவந்தவருக்கு 3,600 ரூபாய் மிச்சம். ஆனால் குழுவாக எடுக்கும் பாலிசிகளுக்கு இந்த விலக்கு தரப்படவில்லை.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் தமக்கும் மனைவி மக்களுக்கும் கட்டும் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரையும், 60 வயது கடந்த பெற்றோருக்காகக் கட்டுவதில் தனியாக 50,000 ரூபாய் வரையும் கழித்துக்கொள்ளலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் இச்சலுகை கிடையாது. காசோலை அல்லது வங்கி வழியே கட்டுங்கள்.

அரசுத் திட்டங்களும் கடைப் பணியாளர்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டபின், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. சிறிய பெட்டிக்கடை, தள்ளுவண்டிக் கடை நடத்துவோரில் தகுதி இருந்தும் பதிவு செய்யாதவர் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம்.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். 2019 ஜூலையில் இதன் சந்தா முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம் எனக் குறைக்கப்பட்டது. இதைச் சுமை என்று கருதும் அன்பர்கள், கடைப் பையனுக்கு உடம்பு முடியாமல் போனால் நம் கல்லாவிலிருந்துதானே முன்பணம் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் உடம்பைப் பார்ப்போம்

காப்பீடு பணத்தைத்தான் தரும், ஆரோக்கியத்தைத் தராது. வணிகர்களை அதிகம் தாக்கும் நோய்களில் முதலிடம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு உண்டு. அதாவது ஏழு கடைக்கு ஒரு முதலாளி என்ற கணக்கு.

வெறும் வயிற்றில் 126க்கு மேலும், சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 200க்கு மேலும் இருந்தால் அது சர்க்கரை நோய் என்று கொள்வர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.5 சதவீதம் எல்லை. முன்னும் பின்னும் அறிகுறி இல்லாமல் பல ஆண்டுகள் இது மறைந்திருக்கும். அதனால் 30 வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி விற்பனையாளர் வந்தால் ஒரு தேநீர், தரகர் வந்தால் ஒரு தேநீர். நாளைக்கு 6 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 12 தேக்கரண்டி. கிட்டத்தட்ட 48 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாப்பாடு, பலகாரம் எதையும் சேர்க்காமல் தேநீரிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளக் கூடாது. சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வரும். அப்போது உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். இதைக் கடைப் பையனிடமும் சொல்லி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கிடங்கில் வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. ஆணி குத்தியது தெரியாமலே புண் பெரிதாகிவிடும்.

இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவை எட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, வடகம் எல்லாம் நம் கடையிலேயே கிடைக்கும் பொருட்கள். விற்பவர் அளவோடு உண்ண வேண்டும். "இப்போது சரியாகிவிட்டது" என்று நாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் பக்கவாதத்துக்கு வழி.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உடனே 108 ஊர்தியை அழையுங்கள். 2023ஆம் ஆண்டு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கொடுக்க வேண்டிய அவசர மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கப்பட்டுள்ளன. கடை மூடும் நேரம் வரை பொறுத்த வணிகர்களை நாம் இழந்திருக்கிறோம்.

மிளகாய் வற்றல், மல்லி, மாவுத் தூசு ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். சரக்குப் புடைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். கிடங்கில் வண்டுக்கு வைக்கும் மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு உயிரைக் கொல்லும். அனுமதி பெற்ற ஆட்களைக் கொண்டே அதை வைக்க வேண்டும். அந்த அறையிலோ அதை ஒட்டிய அறையிலோ யாரும் படுக்கக் கூடாது.

மறுத்தால் விட்டுவிடாதீர்கள்

மருத்துவமனையில் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். முன்பே திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பு. ரசீது, பரிசோதனை முடிவு, வீடு திரும்பும் குறிப்பு ஆகியவற்றின் நகலை நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று குறிப்பிட வேண்டியது அவர்கள் கடமை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

முதலில் சொன்ன அன்பர் இன்று நலமாகக் கடையில் இருக்கிறார். கடனை அடைத்துக்கொண்டு வருகிறார். சர்க்கரை, இதய நோய் எல்லாவற்றையும் எழுதிப் புதிய பாலிசி எடுத்திருக்கிறார். பிரீமியம் கூடுதல்தான், அவற்றுக்கு 3 ஆண்டு காத்திருப்பும் உண்டு. "இந்தத் தடவை நானே வாசித்துவிட்டுத்தான் தம்பி கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

வணிகர்கள் ஒவ்வொருவரும் இந்த மாத விடுமுறை நாளொன்றில் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். பாலிசியைப் பீரோவிலிருந்து எடுத்து அறை வரம்பு, காத்திருப்புக் காலம், புதுப்பிக்கும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குமேல் ஒட்டுங்கள். பாலிசி எங்கே இருக்கிறது என்பதை மனைவி மக்களுக்குச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். உடல்நலம் காப்போம், வணிகம் வளர்ப்போம்.